ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் சேமலாப நிதி உண்டு

கொழும்பு ஹெவ்லொக் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை தொடங்குகிறது. திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தாயிற்று. சமையலுக்கு ஒருவர், பரிமாற இருவர், கல்லாவில் ஒருவர் என ஆட்களும் வந்துவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேராவது ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். கடைக்கு மேலேயே தங்கி, கடையிலேயே சாப்பிடுவார்கள். முதல் மாதச் சம்பளத்தை ஒரு உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை முடிந்தது என்ற எண்ணம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணம் சட்டப்படி தவறு, நியாயப்படியும் தவறு.

“நாலு பேர்தானே, சின்னக் கடைக்கு ஈ.பி.எப். எதற்கு?” என்பது பலரும் கேட்கும் கேள்வி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் ஆட்தொகை வரம்பு எதுவும் கடைக்குக் கிடையாது. குடும்பத்தார் மட்டுமே உழைக்கும் கடைக்கு விலக்கு உண்டு. வெளியாள் ஒருவர் சேர்ந்தாலே கடமை தொடங்கிவிடும். தகுதிகாண் காலம், தற்காலிகம், நாட்சம்பளம் என எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் முதல் நாளிலிருந்தே கணக்கு.

கணக்கைப் பார்ப்போம். சம்பளம் 40,000 ரூபா என்றால் தொழிலாளியிடமிருந்து 8 வீதம் (3,200) கழித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் (4,800) சேர்த்து, மொத்தம் 8,000 ரூபாவைச் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம், அதாவது 1,200 ரூபா. இதை முழுக்க முதலாளிதான் கட்ட வேண்டும், சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆக, முதலாளிக்கு அந்த ஆளின் மாதச் செலவு 46,000 ரூபா. ஆள் எடுக்கும்போதே இந்தத் தொகையை மனத்தில் வைத்துத்தான் சம்பளம் பேச வேண்டும். பணம் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும்.

சாப்பாட்டுக் கடைக்காரர் தவறவிடும் ஒன்று உண்டு. தொழிலாளிக்குக் கொடுக்கும் உணவின் பண மதிப்பும் சேமலாப நிதிக்கான ‘உழைப்பு வருமானம்’ என்பதில் அடங்கும். மூன்று வேளைச் சோறு போடுகிறோம் என்று சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, அந்தக் குறைந்த தொகைக்கு மட்டும் நிதி கட்டுவது செல்லாது. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது.

தாமதத்துக்கு மிகைக் கட்டணம் உண்டு. பத்து நாளுக்குள் 5 வீதத்தில் தொடங்கி, ஓராண்டைத் தாண்டினால் 50 வீதம் வரை ஏறும். அப்போது அந்த 8,000 ரூபா 12,000 ஆகிவிடும். தொழிலாளியின் 8 வீதத்தை உரிய நேரத்தில் கழிக்காமல் விட்டவர் பிறகு அவரிடம் கேட்கவும் முடியாது. இருபது வீதமும் முதலாளி தலையில்தான்.

“கையிலேயே குடுத்துருங்க முதலாளி, ஈ.பி.எப். எல்லாம் வேணாம்” என்று தொழிலாளியே சொல்வதுண்டு. ஊரில் கடன் இருக்கும், தங்கச்சி படிப்பு இருக்கும். அந்த அவசரத்தில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. சேமலாப நிதி பொதுவாக ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் கைக்கு வரும் பணம். இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த வயது கண்ணில் படாது. முதலாளிதான் அதை அவருக்காகப் பார்த்துக் கட்ட வேண்டும். இந்த இடத்தில் விட்டுக்கொடுப்பதை நல்ல மனசு என்று என்னால் ஏற்க முடியவில்லை. பதிவில்லாமல் பத்து வருடம் நகரத்தில் உழைத்து ஊர் திரும்புகிறவர் கையில் அந்த உழைப்புக்கு ஒரு துண்டுச் சாட்சிகூட இருக்காது.

குறைந்தபட்சச் சம்பளத்தையும் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்ந்த தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் எழுத்தில் ஒரு நியமனக் கடிதமும் தொழிலாளியின் உரிமை. காலை ஐந்து மணிக்கு இடியப்பம் அவிக்கத் தொடங்கி இரவு பத்துக்குக் கொத்துத் தட்டு கழுவும் ஒரே ஆளை வைத்துக் கடை நடத்துவோர் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

வருமான வரியைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. 2023 ஜனவரி முதல் சம்பளத்தில் முற்பணமாக வரி கழிப்பது கட்டாயம் என்றாலும், 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரை வரியே இல்லை. 200,000 வாங்கும் முகாமையாளருக்கு மேலதிகமான 50,000க்கு 6 வீதம், அதாவது 3,000 ரூபா. கழித்ததை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆட்தொகை கணக்கில் வருவது பணிக்கொடைக்குத்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பதினைந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவர் விலகும்போது, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். பதினைந்துக்குக் குறைந்த கடையில் வேலை செய்தவரும் தொழில் நியாய சபையில் பணிக்கொடை கேட்க வழியுண்டு. ஆகவே பதினாலோடு நிறுத்திக்கொண்டால் தப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் நம்ப வேண்டாம்.

சேமலாப நிதிப் பதிவுக்கு அலைச்சல் பெரிதில்லை. தொழில் திணைக்களத்தின் தலைமையகம் ஹெவ்லொக் டவுனுக்குப் பக்கத்தில், நாரஹேன்பிட்டியில்தான் இருக்கிறது. வியாபாரப் பதிவுச் சான்றிதழோடு தொழிலாளர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலையில் சேர்ந்த திகதி ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். சேர்ந்த திகதியை உள்ளபடியே எழுதுங்கள். கடை திறந்து ஆறு மாதம் கடந்திருந்தால் அந்த ஆறு மாத நிலுவையையும் சேர்த்தே கட்டுங்கள்.