வல்லாரைக்கும் கத்தரிக்கும் ஒரே கழுவல் போதாது

தோப்பூரில் விற்கும் மரக்கறியில் ஒரு பங்கு சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விளைவது. கரட், லீக்ஸ், போஞ்சி போன்றவை மலைநாட்டிலிருந்து வருபவை. எங்கிருந்து வந்தாலும் நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே கழுவல்தான். ஆனால் கீரையில் ஒட்டியிருக்கும் ஆபத்து ஒன்று, கத்தரிக்காயில் இருப்பது வேறொன்று.

பச்சையாக உண்ணும் கீரை

வல்லாரை ஈரநிலத்தில் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும் கொடி. அந்தக் கணுக்களில்தான் சேறு தங்கும். பாய்ச்சும் நீரில் மலசலகூடக் கழிவோ மாட்டுச் சாணமோ கலந்திருந்தால், வயிற்றோட்டக் கிருமிகளும் புழு முட்டைகளும் அதே சேற்றோடு வரும். அதைத்தான் தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்துப் பச்சையாகச் சம்பல் போடுகிறோம். புளி விட்டதால் கிருமி செத்துவிடும் என்று நம்பவேண்டாம்.

2011இல் ஜேர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மீது பழி விழுந்தது. கடைசியில் காரணம் பச்சையாக உண்ட முளைவிட்ட வெந்தயம் என்று தெரியவந்தது. பார்வைக்குச் சுத்தமான உணவுதான் அது.

கீரைப் பிடியைக் கட்டோடு தண்ணீரில் முக்கியெடுப்பது கழுவுவது ஆகாது. கட்டை அவிழ்த்து, வேர்ப்பக்கத்தை வெட்டி எறிந்து, பேசினில் அலசுங்கள். அடியில் மண் படிவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் பூச்சி, புழு கழன்றுவிடும். கிருமி முழுவதும் சாகாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சம்பலைவிடச் சுண்டிக் கொடுப்பதே நல்லது.

கத்தரிக்காயின் சங்கதி

கத்தரியைக் குருத்திலும் காயிலும் துளைக்கும் புழு ஒன்றுண்டு. காய்க்குள் புகுந்த பிறகு அதற்கு மருந்து எட்டாது என்பதால் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். மேலே படிந்த மருந்தில் ஒரு பகுதி கழுவினால் போகும். செடிக்குள் ஊறிப் பரவும் வகை போகாது. 2017இல் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பிள் பழத்தை அப்பச்சோடா கரைத்த நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். மேற்தோலில் இருந்த மருந்து நீங்கியது, உள்ளே இறங்கியது தங்கிவிட்டது. சமைக்கும் சூடு கிருமியைக் கொல்லும். எல்லா மருந்தையும் அழித்துவிடாது.

ஆகவே இந்த நஞ்சைச் சமையலறையில் அல்ல, தோட்டத்தில்தான் தடுக்கவேண்டும். கடைசியாக மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பிடுங்கலாம் என்பது போத்தலின் லேபலில் இருக்கும். மருந்துக்கு மருந்து அது மாறும். விலை நன்றாக இருக்கிறதே என்று அந்த நாட்களுக்கு முன்பே பிடுங்கினால், மருந்து நேரே நம் சட்டிக்கு வந்து சேரும். தன் வீட்டுக்கென்று மருந்தடிக்காத பாத்தி ஒன்றை ஒதுக்கும் தோட்டக்காரர், விற்கும் காய்க்கும் அந்த அக்கறையைக் காட்டவேண்டும்.

வாங்கும்போது

உள்ளூர்க் காய் வாங்குவதில் உள்ள பெரிய வசதி, விளைவித்தவரிடமே கேட்கமுடிவது. "நானா, இதுக்கு எப்ப மருந்தடிச்சீங்க?" என்று கேட்பதில் வெட்கமில்லை. நாலுபேர் கேட்கத் தொடங்கினால் தோட்டத்திலும் அந்த நாட்கணக்கைப் பார்ப்பார்கள்.

வாடாமல் இருக்க எந்தத் தண்ணீரைத் தெளிக்கிறார்கள் என்றும் பாருங்கள். வடிகான் தண்ணீர் என்றால் அந்தக் கடையை விட்டு விலகுங்கள். மீன், இறைச்சிப் பையோடு கீரையைச் சேர்த்துத் திணிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். விற்பனைக்கு இருக்கும் உணவில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தில் இடமுண்டு.