நிழற்பிரதியும் நியாயமான பயன்பாடும்

கந்தப்பளையிலும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களிலும் இருந்து பல்கலைக்கழகம் செல்லும் ஒவ்வொரு மாணவருக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கின்றது. கொழுந்து பறித்துப் பெறும் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர், வெளிநாட்டுப் பாடநூல்களை விலை கொடுத்து வாங்கித் தருவது இயலாத காரியமாகும். ஆகவே விரிவுரையாளர் வழங்கும் நிழற்பிரதிகளே பல மாணவர்களுக்குப் பாடநூலாக அமைகின்றன. இவ்வாறு பிரதி எடுப்பது குற்றமா என்ற வினா எழுவது இயல்பே. அச்சத்தினால் சட்டம் அனுமதிப்பதைக் கைவிடுவோரும் உளர். அறியாமையினால் சட்டம் தடுப்பதைச் செய்வோரும் உளர். இரண்டுமே மாணவருக்கு நன்மை பயப்பதில்லை.

இலங்கையில் இவ்விடயத்தை நெறிப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். அதன் 11ஆவது பிரிவு விமர்சனம், ஆராய்ச்சி, கற்பித்தல் போன்ற நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாட்டைப் பதிப்புரிமை மீறலாகக் கொள்வதில்லை. வகுப்பறைத் தேவைக்காகப் பல பிரதிகள் எடுப்பதும் இதில் அடங்கும். எனினும் எது நியாயமானது என்பதைத் தீர்மானிக்க நான்கு விடயங்கள் கவனிக்கப்படுகின்றன. பயன்பாட்டின் நோக்கம் வர்த்தக ரீதியானதா என்பது ஒன்று. படைப்பின் தன்மை இரண்டாவது. எடுக்கப்பட்ட பகுதியின் அளவும் முக்கியத்துவமும் மூன்றாவது. அதனால் மூல நூலின் விற்பனைக்கு ஏற்படும் பாதிப்பு நான்காவது.

இலாப நோக்கமற்ற கல்வி நிறுவனம் ஒன்றில், நேரடி வகுப்புக்காகக் கட்டுரைகளையும் நூல்களின் சிறு பகுதிகளையும் நிழற்பிரதி செய்வதற்கு 12ஆவது பிரிவு வெளிப்படையாகவே இடமளிக்கின்றது. ஆனால் அது தேவைக்கு மிகாததாகவும், தொடர்ச்சியாக அன்றித் தனித்தனிச் சந்தர்ப்பங்களில் செய்யப்படுவதாகவும் இருத்தல் வேண்டும். அவ்வாறு பிரதி செய்வதற்கான கூட்டு அனுமதித் திட்டம் எதுவும் நடைமுறையில் இருத்தலாகாது. நூலாசிரியரின் பெயரையும் மூலத்தையும் இயன்றவரை குறிப்பிடுதல் வேண்டும்.

அண்டை நாட்டு அனுபவமும் இங்கு நினைவுகூரத் தக்கது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடத் தொகுப்புகளைப் பிரதி செய்து வழங்கிய நிழற்பிரதிக் கடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எதிராக ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடர்ந்தன. கற்பித்தலுக்குத் தேவையான அளவு பகுதிகளைத் தொகுத்து வழங்கலாம் என டில்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஆனால் அத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் வாசகங்களுக்கு உரியது. அதனை இலங்கைக்கு அப்படியே பொருத்திக் கொள்ள முடியாது.

முழு நூலையும் பிரதி செய்வது வேறு விடயம். நமது மலையக எழுத்தாளர்கள் பலர் தமது கைப்பணத்தைச் செலவிட்டுச் சில நூறு பிரதிகளையே அச்சிடுகின்றனர். அவற்றில் ஒன்றை வாங்கி ஒரு வகுப்புக்கே பிரதி எடுத்தால், அடுத்த நூல் வெளிவராமலே போகக்கூடும். ஏழை மாணவனின் தேவைக்கு ஏழை எழுத்தாளன் விலை கொடுப்பது நியாயமாகாது. நூலகத்துக்கெனப் பல பிரதிகள் வாங்குவதும், எழுத்தாளரிடமோ அவரது குடும்பத்தினரிடமோ எழுத்து மூலம் அனுமதி பெறுவதுமே இதற்கு உகந்த வழிகளாகும்.

காப்புக் காலம் முடிவடைந்த படைப்புகளுக்கு இத்தகைய தடை எதுவும் இல்லை. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன் பின்னர் 70 ஆண்டுகளுமே காப்புக் காலமாகும். 1898இல் மறைந்த சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' அனைவருக்கும் பொதுவானது. 1947இல் மறைந்த கோ. நடேசய்யரின் எழுத்துகளும் அவ்வாறே. 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளையின் படைப்புகளுக்கோ 2054 வரை காப்பு உண்டு. சட்டங்களின் உத்தியோகபூர்வ வாசகங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆதலால் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை முழுமையாகவே வகுப்பில் வழங்கலாம்.

இங்கே கவலைக்குரிய இடைவெளி ஒன்றும் உண்டு. 12ஆவது பிரிவு பேசுவது நேரடி வகுப்பைப் பற்றியாகும். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் இணையத்துக்கு மாறின. லயன் அறையில் கைத்தொலைபேசியில் பாடம் கேட்ட மாணவருக்கு அனுப்பப்பட்ட பக்கங்களை அப்பிரிவு வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. 11ஆவது பிரிவின் பொதுவான பாதுகாப்பையே அவர்கள் நாட வேண்டியுள்ளது. நூலகத்திலிருந்து தொலைவில் வாழும் மாணவருக்கே சட்டத்தின் தெளிவும் குறைவாக உள்ளமை வருந்தத்தக்கதாகும்.

சட்டத்தில் இக்குறை நீக்கப்பட வேண்டும். அதுவரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எவ்வளவு எடுக்கலாம், யாரிடம் அனுமதி கோரலாம், பாடம் பயிலும் மாணவர்களுக்கு மட்டும் எவ்வாறு இணையத்தில் வழங்கலாம் என்பவற்றைத் தமிழிலும் எழுதி வெளியிடுவது அவசியமாகும். சட்டம் தந்துள்ள உரிமையை விரிவுரையாளர்கள் அச்சமின்றிப் பயன்படுத்தவும், எழுத்தாளரின் உழைப்பு மதிக்கப்படவும் அதுவே வழிவகுக்கும்.