லின்னேயசு டிரைப்

லின்னேயசு டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) ஆங்கிலேயப் படை அலுவலரும், தமிழகக் கோயில்களை விரிவாகப் பதிவு செய்த ஒளிப்பட முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த இவர், இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். பேலூர், அளேபீடு கோயில்களை எடுத்த இவரது படங்கள் 1855இல் சென்னைக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றன. அவ்வாண்டே பர்மா சென்ற தூதுக்குழுவில் ஒளிப்படக் கலைஞராக இடம்பெற்றார். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரானார்.

மெழுகுத்தாள் முறை

இவர் கையாண்டது பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குசுத்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட முறையாகும். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளில் வேதிப்பூச்சு உலருமுன் படமெடுத்து உருத்துலக்க வேண்டும். மெழுகேற்றிய தாளையோ முன்னதாகவே ஆயத்தம் செய்து, படமெடுத்துச் சில நாட்கள் கழித்தும் உருத்துலக்கலாம். மாட்டு வண்டிப் பயணத்துக்கு இது ஏற்றதாயிற்று. ஆனால் ஒளி பதிய நெடுநேரம் ஆகும். நடமாடுவோர் உருவம் பதிவதில்லை. எனவே இவர் படங்களில் கோயில்கள் வெறிச்சோடித் தோன்றுவதைக் கொண்டு அவை கைவிடப்பட்டிருந்தன எனக் கருதுதல் பிழை. வானத்து மேகங்களையும் நம்புவதற்கில்லை. அவற்றுட் பல எதிர்த்தாளில் வண்ணம் தீட்டிச் சேர்க்கப்பட்டவை.

தமிழகப் பயணம்

1857 திசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட டிரைப், ஆம்பூருக்குத் தென்மேற்கே உள்ள இராயக்கோட்டையைப் படமெடுத்து, பின் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குச் சென்றார். இப்படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவ்வாண்டே அமராவதிச் சிற்பங்களையும் சென்னையில் படமெடுத்தார்.

இவற்றுள் தனிச் சிறப்புடையது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காட்டும் தொடர்படம். 21 அச்சுகளை ஒட்டி அமைத்த இதன் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். இக்கல்வெட்டுகளை ஊல்ச் பதிப்பித்தது 1890களில்தான். அதற்கு முன்னர், கோயிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே அறிஞரிடையே குழப்பம் இருந்தது. அந்நிலையில், கட்டட அழகை மட்டும் நோக்காது எழுத்தைப் பதிவு செய்ய முனைந்தமை குறிப்பிடத்தக்கது.

பணி நிறுத்தம்

1859இல் ஆளுநராக வந்த சார்லசு திரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு இது மிகையான செலவு எனக் கருதிப் பணியை நிறுத்த ஆணையிட்டார். 1860க்குப் பின் டிரைப் ஏறக்குறைய முற்றாகவே ஒளிப்படத் துறையை விட்டு விலகிப் படைப்பணிக்குத் திரும்பினார். ஓய்வுக்குப் பின் டெவன்போர்ட்டில் வாழ்ந்து மறைந்தார். இவர் படங்கள் பிரித்தானிய நூலகத்திலும், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன.