யோகா வகுப்பில் குறிக்கோள் அமைத்தல்

யோகா வகுப்பில் குறிக்கோள் அமைத்தல் என்பது, ஒரு யோகப் பயிற்சி வகுப்பைத் தொடங்குவதற்கு முன்னரே, அதன் முடிவில் மாணவர் எந்நிலையை அடைந்திருக்க வேண்டும் என்பதை ஆசிரியர் தெளிவாக முடிவு செய்து, அதற்கேற்ப ஆசனங்களையும் மூச்சுப்பயிற்சியையும் ஓய்வையும் அவற்றின் வரிசையையும் தேர்ந்தெடுக்கும் முறை ஆகும். இம்முறையில் ஆசனம் கருவியாகவே கருதப்படுகிறது. மாணவரிடம் ஏற்பட வேண்டிய மாற்றமே குறிக்கோள் எனப்படுகிறது.

தமிழகத்தில் இம்முறையை விரிவாக வளர்த்தெடுத்தவர்களுள் தி. கிருஷ்ணமாச்சாரியாரும் (1888–1989) அவருடைய மகன் டி. கே. வி. தேசிகாச்சாரும் (1938–2016) குறிப்பிடத்தக்கவர்கள்.

நோக்கமும் குறிக்கோளும்

நோக்கம், குறிக்கோள் என்னும் இரு சொற்களும் பேச்சு வழக்கில் ஒரே பொருளில் வழங்கினாலும், வகுப்புத் திட்டமிடலில் அவற்றை வேறுபடுத்துவது பயனுள்ளது. நோக்கம் நெடுங்காலத்துக்கு உரியது, பொதுவானது. "மன அமைதி பெறுதல்", "உடல்நலம் பேணுதல்" என்பன நோக்கங்கள். குறிக்கோள் குறுகிய காலத்துக்கு உரியது. ஆசிரியர் கண்ணால் கண்டோ மாணவரைக் கேட்டோ அறியத்தக்கது. "சுவரில் சாயாமல் ஐந்து நிமிடம் நிமிர்ந்து உட்கார்தல்" என்பது குறிக்கோள்.

கல்வியியலில் இவ்வேறுபாடு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. பெஞ்சமின் புளூம் என்பவரும் அவருடைய குழுவினரும் 1956இல் கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டை வெளியிட்டனர். இராபர்ட் மேகர் 1962இல் வெளியிட்ட நூலில், ஒரு நல்ல குறிக்கோள் மூன்று செய்திகளைக் கொண்டிருக்க வேண்டும் என விளக்கினார். மாணவர் என்ன செய்வார், எந்தச் சூழலில் செய்வார், எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்பனவே அவை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டம் எழுதக் கற்பிக்கும்போது இன்றும் இக்கருத்துகள் பயன்படுகின்றன. யோகா வகுப்புக்கும் இவை பொருந்தும்.

வரலாற்றுப் பின்னணி

தமிழில் யோகத்தைப் பற்றிக் கூறும் பழைய நூல்களுள் முதன்மையானது திருமூலரின் திருமந்திரம். அதன் மூன்றாம் தந்திரம் இயமம் முதல் சமாதி வரையிலான எட்டு உறுப்புகளை முறையாக விளக்குகிறது. இவ்வரிசையில் ஆசனம் ஒரு படி மட்டுமே. அடுத்து வரும் மூச்சுப்பயிற்சிக்கும் தியானத்துக்கும் உடலை ஆயத்தம் செய்வது அதன் பணியாகும். பதஞ்சலியின் யோகசூத்திரமும் ஆசனம் நிலையாகவும் இதமாகவும் இருக்க வேண்டும் என்றே கூறுகிறது. ஆகவே, ஒரு படியை அடுத்த படிக்காகத் திட்டமிடுதல் என்னும் கருத்து யோக மரபுக்குப் புதியதன்று.

ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்ற வேண்டும் என்னும் கருத்தைக் கிருஷ்ணமாச்சாரியார் வைணவ ஆசாரியரான நாதமுனிகளோடு தொடர்புபடுத்தினார். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தவராகப் போற்றப்படும் நாதமுனிகள் பிறந்த ஊர் வீரநாராயணபுரம், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயில். கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் உள்ளது. நாதமுனிகள் அருளிய யோகரகசியம் என்னும் நூல் வழக்கொழிந்துவிட்டதென்றும், தாம் இளமையில் ஆழ்வார்திருநகரியில் அதனைக் கேட்டறிந்ததாகவும் கிருஷ்ணமாச்சாரியார் கூறினார். இது மரபுவழிச் செய்தி. வரலாற்றுச் சான்றுகளால் உறுதி செய்யப்பட்டதன்று. எனினும், அவர் வழியாகக் கிடைத்துள்ள யோகரகசியம் வயது, உடல்நிலை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சி வேறுபட வேண்டும் என்று வலியுறுத்துவது குறிப்பிடத்தக்கது.

மைசூரும் சென்னையும்

குறிக்கோள் மாறும்போது வகுப்பு எவ்வாறு மாறுகிறது என்பதற்குக் கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்வே தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவுடன் ஜகன்மோகன் அரண்மனையில் 1933 முதல் அவர் யோகசாலை நடத்தினார். மாணவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். உடல்வலிமை, ஒழுங்கு, பொதுமக்களிடம் யோகத்தைப் பரப்புதல் ஆகியவை அங்கு முன்னின்றன. எனவே விரைவான, தாவும் அசைவுகள் நிறைந்த தொடர்களும் மேடைச் செயல்விளக்கங்களும் இடம்பெற்றன. இக்காலத்தில் அவர் எழுதிய யோகமகரந்தம் 1934இல் கன்னடத்தில் வெளிவந்தது. 1941இல் வெளிவந்த யோகாசனகளு என்னும் கன்னட நூலில் ஆசனங்களைத் தொடக்கநிலை, இடைநிலை, தேர்ச்சிநிலை என மூன்றாகப் பகுத்துப் பட்டியலிட்டார்.

1950களில் அவர் சென்னையில் குடியேறினார். அங்கு அவரிடம் வந்தவர்களில் நடுவயதினரும் முதியோரும் நோயுற்றோரும் பலர். அவர்களுக்கு அவர் தனித்தனியே கற்பித்தார். அசைவுகள் மெதுவாயின, ஒவ்வோர் அசைவும் உள்மூச்சுடனோ வெளிமூச்சுடனோ இணைக்கப்பட்டது, இயலாதவருக்கு ஆசனம் எளிமையாக்கப்பட்டது. ஆசிரியர் அதே ஆசிரியரே. ஆசனங்களின் பெயர்களும் பெரும்பாலும் மாறவில்லை. மாணவரும் குறிக்கோளும் மாறியமையால் வகுப்பு முற்றிலும் வேறானது.

பொறியியல் படித்த தேசிகாச்சார் தந்தையிடம் பயின்று, 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். இம்மரபில் விநியோகம் என்னும் சொல் முக்கியமானது. தமிழில் இச்சொல் பொருள்களைப் பங்கிட்டு வழங்குதலைக் குறித்தாலும், யோகசூத்திரத்தின் மூன்றாம் பகுதியில் படிநிலைக்குப் பொருந்துமாறு பயன்படுத்துதல் என்னும் பொருளில் வருகிறது.

குறிக்கோளின் வகைகள்

இம்மரபில் பயிற்சியின் பயன் பல வகைகளாகப் பகுக்கப்படுகிறது. அவற்றுள் முக்கியமானவை மூன்று.

1. சிக்ஷணம் – ஆசனத்தை அதன் முழு வடிவில் பிழையின்றிக் கற்றல். இது பெரும்பாலும் இளையோருக்கு உரியது.

2. ரக்ஷணம் – இருக்கும் உடல்நலத்தையும் ஆற்றலையும் காத்தல். குடும்பமும் தொழிலும் கொண்ட நடுவயதினருக்கு இது பொருந்தும்.

3. சிகிச்சை – நோயினாலோ காயத்தினாலோ குன்றிய நிலையைச் சீராக்க உதவுதல். இது தனிப்பயிற்சியாகவும் மருத்துவரின் ஆலோசனையுடனும் நடைபெற வேண்டும்.

ஒரே வகுப்பில் மூன்று வகையினரும் கலந்திருப்பதே நடைமுறையில் ஆசிரியர் சந்திக்கும் பெரிய சிக்கல் ஆகும். அத்தகைய வகுப்பில் சிக்ஷணத்தைக் குறிக்கோளாகக் கொண்டால், முதியவரும் நோயாளரும் இளையவருடன் போட்டியிட நேரிடும், காயங்களும் ஏற்படலாம். ரக்ஷணத்தைக் குறிக்கோளாகக் கொண்டு, தேர்ந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் பயிற்சி தருவது பாதுகாப்பானது.

திட்டமிடும் படிகள்

முதற்படி மாணவரை அறிதல். வயது, தொழில், உறக்கம், பழைய காயங்கள், அறுவை மருத்துவம், உட்கொள்ளும் மருந்துகள், ஒரு நாளில் பயிற்சிக்கு ஒதுக்கக்கூடிய நேரம் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது படி குறிக்கோளை ஒரே சொற்றொடரில் எழுதுதல். ஒரு வகுப்புக்கு ஒரு முதன்மைக் குறிக்கோள் போதும். பல குறிக்கோள்களை அடுக்கினால் எதற்கும் போதிய நேரம் கிடைக்காது.

மூன்றாவது படி முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல். குறிக்கோளுக்கு மிக நெருக்கமான பயிற்சி எது என முதலில் முடிவு செய்து, அதற்கு உடலை ஆயத்தம் செய்யும் பயிற்சிகளை அதன் முன்னும், மாற்றுப் பயிற்சியையும் ஓய்வையும் அதன் பின்னும் வைக்க வேண்டும். இவ்வாறு படிப்படியாக அமைக்கும் வரிசை வின்யாசக் கிரமம் எனப்படும். முதன்மை ஆசனத்தால் ஏற்படும் இறுக்கத்தை நீக்கும் மாற்றுப் பயிற்சி பிரதிக்கிரியை எனப்படும். எடுத்துக்காட்டாக, சர்வாங்காசனத்துக்குப் பின் கழுத்தின் இறுக்கம் நீங்கச் சற்று ஓய்வெடுத்துப் புஜங்காசனம் செய்வது வழக்கம்.

நான்காவது படி வகுப்பின்போது கவனித்தல். மூச்சே சிறந்த அளவுகோல் ஆகும். மூச்சு திணறினாலோ, முகம் இறுகினாலோ, கைகால் நடுங்கினாலோ பயிற்சி மாணவரின் அளவை மீறிவிட்டது எனக் கொள்ளலாம்.

ஐந்தாவது படி பதிவு செய்தல். குறிக்கோள் எட்டப்பட்டதா என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதினால், அடுத்த வகுப்பின் குறிக்கோள் அதிலிருந்தே கிடைக்கும். பெரும்பாலோர் எட்டவில்லை எனில் குறிக்கோளைச் சிறிதாக்க வேண்டும். மாணவரைக் குறை கூறுதல் கூடாது.

எடுத்துக்காட்டு

அரியலூர் மாவட்டத்தின் செயங்கொண்டம், உடையார்பாளையம் பகுதிகளில் கைத்தறி நெசவாளர்கள் வாழ்கின்றனர். குழித்தறியில் நெய்பவர் கால்களைக் குழிக்குள் இறக்கி மிதித்தபடி, முன்குனிந்து நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். மேல்முதுகு வளைதலும் தோள் இறுக்கமும் இத்தகைய வேலையால் ஏற்படக்கூடியவை. இத்தகைய தொழிலைச் செய்யும், வேறு நோயில்லாத நடுவயதினருக்காக 45 நிமிட வகுப்பு ஒன்றைப் பின்வருமாறு கற்பனையாக அமைத்துப் பார்க்கலாம்.

நோக்கம்: வேலையால் ஏற்படும் முதுகு, தோள் இறுக்கத்தைக் குறைத்தல்.

குறிக்கோள்: வகுப்பின் முடிவில், சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து ஆறு எண்ணும் வரை வெளிவிடுதலைத் திணறலின்றிப் பன்னிரண்டு முறை செய்தல்.

1. மல்லாந்து படுத்து இயல்பான மூச்சைக் கவனித்தல் – 5 நிமிடம்
2. நின்றபடி உள்மூச்சுடன் கைகளை உயர்த்தி, வெளிமூச்சுடன் இறக்குதல் – 8 நிமிடம்
3. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, முதுகை மூச்சோடு மேலும் கீழும் அசைத்தல் – 10 நிமிடம்
4. கைகளின் உதவியுடன் மார்பைச் சிறிதளவே உயர்த்தும் எளிய புஜங்காசனம், இடையிடையே ஓய்வுடன் – 7 நிமிடம்
5. மல்லாந்து படுத்து முழங்கால்களை வயிற்றை நோக்கி அணைத்தல் – 5 நிமிடம்
6. ஓய்வு – 3 நிமிடம்
7. நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுப்பயிற்சி – 7 நிமிடம்

இவ்வரிசையில் முன்குனியும் ஆசனங்கள் முதன்மை பெறவில்லை. நாள் முழுவதும் குனிந்திருப்பவருக்கு மீண்டும் குனிதல் குறிக்கோளுக்கு உதவாது என்பதே காரணம். தரையில் உட்கார இயலாதவர் நாற்காலியில் அமரலாம். குறிக்கோள் மூச்சும் நிமிர்ந்த முதுகுமே ஆதலால் இம்மாற்றத்தால் குறைவு ஏதும் இல்லை.

அதே மாவட்டத்தில் சிமெண்ட் ஆலையில் இரவுப்பணி முடித்து வரும் ஒருவருக்கு இதே வகுப்பு பொருந்தாது. அவருக்கு வேண்டியது உறக்கத்துக்கு ஆயத்தமாதல். நிற்கும் பயிற்சிகளைக் குறைத்து, படுத்த நிலைப் பயிற்சிகளையும் நீண்ட வெளிமூச்சையும் ஓய்வையும் மிகுவிப்பதே அவருக்கான திட்டமாகும்.

பாதுகாப்பு

குறிக்கோள் எதுவாயினும் சில வரையறைகளை மீறக் கூடாது.

உயர் இரத்த அழுத்தம் உடையோர் சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளையும் மூச்சை அடக்குதலையும் தவிர்க்க வேண்டும். கண்நீர் அழுத்த நோய் உடையோரும் தலைகீழ் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பு வட்டு விலகியவர் வலிந்து முன்குனிதல் கூடாது. கருவுற்ற பெண்கள் குப்புறப் படுக்கும் ஆசனங்களையும் கபாலபாதியையும் செய்யக் கூடாது. நிறைந்த உணவுக்குப் பின் மூன்று முதல் நான்கு மணி நேரம் கழித்தே பயிற்சி செய்ய வேண்டும். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்துமாறு யோகா ஆசிரியர் கூறலாகாது.

பொது வகுப்புகள்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பர் 11 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஜூன் 21 பன்னாட்டு யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. இதற்கென இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் ஏறத்தாழ 45 நிமிட அளவில் பொது யோகா நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. தளர்வுப் பயிற்சிகள், ஆசனங்கள், மூச்சுப்பயிற்சி, தியானம் என்னும் வரிசையில் அது அமைந்துள்ளது. பலரும் ஒரே நேரத்தில் யோகத்தை அறிமுகம் செய்துகொள்வதற்கு அது ஏற்றது. ஆனால், பெரிய கூட்டத்துக்கான நெறிமுறையைத் தனி ஒருவரின் நலக்குறைவுக்கு அப்படியே பயன்படுத்தினால், பொருந்தாத குறிக்கோளைக் கடன் வாங்கியதாகவே முடியும்.

விமர்சனங்களும் எல்லைகளும்

அளக்கத்தக்க குறிக்கோள்களை வலியுறுத்துவது யோகத்தை வெறும் உடற்பயிற்சியாகச் சுருக்கிவிடும் என்னும் கருத்து உண்டு. பற்றற்ற பயிற்சியை யோகசூத்திரம் வலியுறுத்துவதால், பயனை எதிர்பார்த்துப் பயில்வது முரணானது என்றும் கூறப்படுகிறது. இதற்கு மறுமொழியாக, குறிக்கோள் ஆசிரியரின் திட்டத்துக்கு உரியது என்றும், பயிற்சியின்போது மாணவர் மூச்சைக் கவனித்தாலே போதும் என்றும் கூறலாம்.

மிகையான குறிக்கோள்களும் ஏமாற்றத்தைத் தரும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நீடித்த கீழ்முதுகு வலிக்கு முதலில் முயலத்தக்க மருந்தில்லா வழிகளுள் யோகாவையும் சேர்த்தது. எனினும், ஆய்வுகளில் காணப்பட்ட நன்மை பொதுவாக மிதமானதே. அதுவும் பல வாரப் பயிற்சிக்குப் பின் கிடைத்ததாகும். ஆகையால் "ஒரே வகுப்பில் வலி நீங்கும்" என்பது குறிக்கோளாக இருக்க இயலாது. "இன்று வலி கூடாமல், முதுகை மூச்சோடு அசைக்கக் கற்றல்" என்பது எட்டத்தக்க குறிக்கோள் ஆகும்.