வழிகாட்டியும் ஊர்ப்பெயரும்

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஹட்டன் பஸ் நிலையத்தருகே மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நோயுற்றுக் கிடக்கும் என் பழைய நண்பரைப் பார்த்து வருவதற்காக ஒரு வேன் பேசியிருந்தேன். நண்பர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். லயத்திலே பிறந்து, லயத்திலேயே இன்றும் வாழ்பவர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். வழி மறந்துபோயிற்று.

"தம்பி, உங்களுக்கு அந்தப் பக்கம் பழக்கமுண்டா?" என்று சாரதியைக் கேட்டேன்.

"பழக்கம் எதுக்கு சேர்? தோட்டத்துப் பேரைச் சொல்லுங்க. இது கொண்டுபோய் விட்டுடும்" என்று முன்கண்ணாடியைக் காட்டினார் அந்த இளைஞர். அங்கே ஒரு ரப்பர்க் குமிழின்மேல் நின்ற சிறு தாங்கியில் அவருடைய கைத்தொலைபேசி ஒளிர்ந்துகொண்டிருந்தது. சாரதிகள் அதை 'ஹோல்டர்' என்கிறார்கள். தொலைபேசியைக் கவ்விப் பிடிப்பதைத் தவிர அதற்கு வேறு தொழிலில்லை. ஆனால் சட்டைப்பையில் கிடக்கும்போது வெறும் தொலைபேசியாயிருப்பது, அந்தத் தாங்கியில் ஏறியதும் வழிகாட்டியாக மாறிவிடுகிறது. கை இரண்டும் சுக்கானில் இருக்கலாம். கண் வீதியில் இருக்கலாம். வழியைச் செவி கேட்டுக்கொள்ளும். வாகனம் ஓட்டும்போது தொலைபேசியைக் கையிலே பிடிப்பது சட்டப்படி குற்றமாதலால், தாங்கி வெறும் சௌகரியம் மட்டுமன்று.

மலைநாட்டில் இந்தச் சிறு கருவிக்கும் ஒரு தனிப் பாடம் உண்டு. ரப்பர்க் குமிழ் கண்ணாடியில் ஒட்டுவது பசையினால் அன்று. உள்ளே உள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தம் அதைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடிக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பிடியும் அந்த அளவுக்குத் தளரும். பனி ஈரமும் சேர்ந்தால், கொழும்பில் அசையாது நின்ற தாங்கி இங்கே ஒரு வளைவில் கழன்று மடியில் விழும். கண்ணாடியை உலர்ந்த துணியால் நன்கு துடைத்து, பார்வையை மறைக்காதபடி கீழ் மூலையில் ஒட்டவேண்டும் என்றார் சாரதி. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டுவோர் வேறொன்றைக் கவனிக்கவேண்டும். இயந்திர அதிர்வு தொலைபேசியின் கமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 ஆம் ஆண்டில் எச்சரித்திருக்கிறது.

வேன் புறப்பட்டது. மல்லியப்பூச் சந்தி, கொட்டகலை, பத்தனை என்று ஒவ்வொன்றாகப் பின்னே சென்றன. டெவன் நீர்வீழ்ச்சி வெண்துகிலாய்த் தொங்கிற்று. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னதாகவே அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பெண்குரல் எச்சரிக்கை செய்தது. மூடுபனி கவிந்து, பத்து யார் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்திலும், வீதி எப்பக்கம் வளைகிறது என்பது அந்தச் சிறு திரையில் நீலக் கோடாய் விளங்கிற்று. இடையே தொலைபேசிக் கோபுரத்தின் தொடர்பு அறுந்தது. ஆயினும் நீலக் கோடு அறவில்லை. இது எப்படி என்று வியந்தேன்.

விஷயம் இதுதான். நாம் இருக்கும் இடத்தை நமக்குச் சொல்வது தொலைபேசிக் கோபுரமன்று, வானம். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஜி.பி.எஸ். செய்மதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் இடைவிடாது அறிவித்த வண்ணம் இருக்கிறது. அந்த அறிவிப்பு வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் வந்து சேர எடுக்கும் காலத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. நான்கு செய்மதிகளின் குரல் ஒருங்கே கேட்டால், நாம் நிற்கும் இடம் துலங்கிவிடும். நாம் எதையும் மேலே அனுப்புவதில்லை, கேட்பது மட்டுமே. செய்மதியின் கடிகாரம் பூமியின் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் 38 பங்கு விரைந்தோடும் என்பது ஐன்ஸ்டீனின் கொள்கையால் பெறப்படும் கணக்கு. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். சார்பியற் கொள்கை ஹட்டன் வேன்காரருக்கும் ஊழியம் செய்கிறது!

அமெரிக்க இராணுவம் தன் தேவைக்காக அமைத்த ஏற்பாடு இது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். அந்தத் தடை நீங்கிய பின்னரே சாமானியருக்கும் சரியான இடம் தெரிந்தது. கூகுள் நிறுவனத்தின் வரைபடம் 2005 இல் வந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதி 2009 இல் தொலைபேசியில் ஏறியது. இவையெல்லாம் மெய்யாகவே பெரிய சாதனைகள்.

ஆனால் செய்மதிக்கு இடம் தெரியுமேயன்றிப் பெயர் தெரியாது. பெயரை மனிதன்தான் எழுதவேண்டும். இந்த வேறுபாடு அன்று மாலையே எனக்கு அனுபவமாயிற்று.

தலவாக்கலையைத் தாண்டி லிந்துலைப் பக்கம் போகையில், விளையாட்டாக, "கிளாஸ்கோ என்று போட்டுப் பாருங்கள், தம்பி" என்றேன். அக்கரப்பத்தனையில் அப்பெயருடைய தோட்டம் ஒன்று உண்டு. பெட்டியோ எங்களை ஸ்கொட்லாந்துக்கு அழைத்தது! சாரதி சிரித்துவிட்டார். ஆனால் இது பெட்டியின் குற்றமன்று. கோப்பிக் காலத்திலும் அதன் பின் தேயிலைக் காலத்திலும் வந்த துரைமார் தங்கள் ஊர் நினைவாகவே இந்த மலைகளுக்குப் பெயர் சூட்டினார்கள். நானுஓயாவில் எடின்பரோ, அக்கரப்பத்தனையில் பல்மோரல், தலவாக்கலையில் ஹோலிரூட், பூண்டுலோயாவில் டன்சினன்: இப்பெயர்களை வரிசையாகப் படித்தால் ஸ்கொட்லாந்தில் உலாவுவது போலிருக்கும். டன்சினன் என்பது ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் குன்று. நில அளவையாளர் படத்தில் ஏறிய பெயர்கள் இவையே. அந்த மலையைத் திருத்திக் கொழுந்து பறித்தவர்கள் தங்களுக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர்களோ பெரும்பாலும் படத்தில் ஏறவில்லை. அவை பஸ் கண்டக்டரின் வாயிலும் பாட்டிமாரின் நினைவிலுமே வாழ்கின்றன.

நண்பரின் தோட்டத்தை ஆங்கிலப் பெயரால் தேடினோம். பெட்டி மிகச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்திற்று. "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தும் விட்டது. இறங்கிப் பார்த்தால் எதிரே தேயிலைத் தொழிற்சாலை; அதன் கதவு பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் இருள். லயங்களின் சுவடே இல்லை. தோட்டம் என்றால் தொழிற்சாலை என்பதே வரைபடத்தின் எண்ணம்!

நல்லவேளையாக விறகுக் கட்டுடன் ஒரு மூதாட்டி அவ்வழியே வந்தார்.

"அம்மா, மேட்டு லயத்துக்கு எப்படிப் போகவேணும்?"

"யாரு வீட்டுக்கு ஐயா? வாத்தியார் ஐயா வீட்டுக்கா? ஸ்டோரைத் தாண்டி, மாரியம்மன் கோயிலுக்கிட்ட எடக்கைப் பக்கம் திரும்புங்க. பாலம் ஒன்னு வரும். அதுக்கு மேல வண்டி ஏறாது. நடந்துதான் போகணும். புள்ளமடுவத்துக்கு அடுத்த லயம்."

இருபதாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்த ஒலி முடிந்த இடத்தில், இரண்டடி தூரத்தில் நின்ற குரல் தொடர்ந்தது. அந்த அம்மையார் சொன்ன கோயிலும் பாலமும் பிள்ளைமடுவமும் திரையில் இல்லை. அங்கே வெறும் பச்சை நிறம் பூசியிருந்தது.

நண்பர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வழி தவறிய கதையை நான் நகைச்சுவையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"போன மாசம் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு நெஞ்சு வலித்தது. மகன் டவுனிலுள்ள ஒரு வேன்காரருக்குப் போன் பண்ணினான். 'எந்த இடம்?' என்று அவர் கேட்டார். எங்கள் வீட்டுக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. மேட்டு லயம் என்றால் அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் மகன் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மூன்று மைல் இறங்கிப்போய்ச் சந்தியில் நின்றான். நான் பிழைத்தேன். பிழைக்காமலும் போயிருக்கலாம்."

இதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை.

அப்போதுதான் என் நினைவுக்கு ஒரு பழைய விஷயம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரச் சீட்டு வழங்கப்பட்டது. மாவட்டத்தைக் குறிக்க எழுத்து, தோட்டத்தைக் குறிக்க இலக்கம் என அதில் பொறித்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்து மனிதனை, வழியில் எவரிடமும் அவன் விசாரிக்க வேண்டாதபடி, கடல் கடந்து, குறித்த மலையில் குறித்த தோட்டத்தில் அந்தத் தகரம் சேர்ப்பித்தது. அக்காலத்தின் வழிகாட்டும் கருவி அதுதான் எனலாம். ஆளைத் தோட்டத்தில் சேர்ப்பதற்கு அன்று அவ்வளவு துல்லியமான குறியீடு இருந்தது. சேர்ந்த ஆளின் வீட்டை உலகம் கண்டுகொள்வதற்கோ, நூறாண்டு கழிந்த பின்னும் ஒரு குறியீடு கிடைக்கவில்லை.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் வழிவந்தோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. வாக்குரிமை உண்டு, அடையாள அட்டை உண்டு. ஆனால் பல லயங்களுக்கு வரும் கடிதம் இன்றும் தோட்டத்துக் காரியாலயத்தின் வழியாகவே வருகிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகளை நான் அறிவேன். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை, 2016 இல் இந்தியாவின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியிருக்கிறது. அரிய சேவை. எனினும் எவ்வளவு நல்ல வண்டியும் இடத்தைச் சொன்னால்தானே வந்து சேரும்?

ஆகவே இந்த வழிகாட்டியை வேண்டாமென்று தள்ளுவது பேதைமை. அதையே முற்றும் நம்புவதும் பேதைமை. வரைபடம் மிகக் குறுகிய பாதையைக் காட்டும். அது எவ்வளவு செங்குத்து என்று சொல்லாது. நானுஓயா–ரதல்லைக் குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20 ஆம் திகதி நேர்ந்த விபத்தில் ஏழு பேர் மாண்டனர். அத்தகைய இறக்கங்களில் எந்தக் கியரில் இறங்கவேண்டும் என்பதை ஊர்ச் சாரதியிடம்தான் கேட்டறிய வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைப் பெயர்த்துத் தள்ளியது. முந்திய நாள் வரை இருந்த வீதி மறுநாள் பள்ளமாயிற்று. யாரேனும் ஒருவர் சொன்னாலொழிய இதைப் படம் அறியாது.

அந்த ஒருவர் யார் என்பதே கேள்வி. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற பொது வரைபடத்தில் எவரும் பெயர் எழுதலாம், கட்டணமில்லை. ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் சேர்த்தெழுத அதில் தனி இடமே உண்டு. அந்தப் படத்தைத் தொலைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், தொடர்பில்லாத மலையிலும் பயன்படும். கூகுள் படத்திலும் விடுபட்ட இடத்தைச் சேர்க்கும்படி அறிவிக்கலாம். இலக்கமில்லாத வீட்டுக்கும் 'பிளஸ் கோட்' என்ற குறியீடு உண்டு. தொலைபேசியில் நாம் நிற்கும் புள்ளியை அழுத்தினால் அது தோன்றும். அதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தால், நள்ளிரவில் சிறுபிள்ளையும் வாசித்துச் சொல்லலாம். அரசு தரவேண்டிய முகவரிக்கு இது ஈடாகாது. ஆனால் அது வரும்வரை ஓர் உயிரைக் காக்கக்கூடும். ஒரு பாடசாலை ஒரு தவணைக்காலத்தில், தன்னைச் சூழ்ந்த லயங்கள், கோயில்கள், பாலங்கள், பிள்ளைமடுவங்கள் அனைத்தையும் குறித்துவிடலாம். அந்த மூதாட்டியைப் போன்றவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாகவேண்டும். அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் வேறெங்கும் எழுதப்படவில்லை.

விடைபெறும்போது சாரதி தம் தொலைபேசியைத் தாங்கியிலிருந்து கழற்றிக்கொண்டு, பாலத்திலிருந்து ஏறி லயத்து வாசலுக்கே வந்துவிட்டார். நின்ற இடத்தைக் குறித்து, பெயரைத் தட்டெழுதி, நண்பரிடம் காட்டினார். நண்பர் கண்ணாடியை அணிந்து திரையை உற்று நோக்கினார்.

"தம்பி, 'மேட்டு'வில் ஒரு ட் விட்டுப்போயிற்று" என்றார்.

இளைஞர் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினார். பச்சை நிறத்தின் நடுவே ஒரு புள்ளி தோன்றிற்று. அதனருகே, தமிழில், மேட்டு லயம்.