பெசலெயேலின் வேலையும் மக்களின் காணிக்கையும்: யூதக் கலைஞர், எழுத்தாளர் பெற்ற வாய்ப்புகள்

ஆசரிப்புக்கூடாரத்தின் பணியைக் குறித்து யாத்திராகமம் பேசுமிடத்தில், தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாகக் குறிக்கப்படுபவன் யூதா கோத்திரத்துக் கைவினைஞனாகிய பெசலெயேல். பொன்னிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்யும் வரத்தைக் கடவுள் அவனுக்கு அருளினார். ஆனால் அவ்வேலைக்கு வேண்டிய பொருள்களை மக்களே காலைதோறும் காணிக்கையாகக் கொண்டுவந்தனர் (யாத். 36:3). வரம் கடவுளுடையது, அவ்வரத்திற்கு இடமளிப்பது சமுதாயத்தின் கடமை. யூத மக்களின் அண்மைக்கால வரலாற்றில் இக்கடமை எவ்வாறு நிறைவேறியது என்பதைச் சுருக்கமாக ஆராய்வோம்.

இரண்டாம் கற்பனையைப் பெற்ற மக்களுக்கு ஓவியமும் சிற்பமும் உண்டோ என்னும் ஐயம் இங்கு எழுதல் இயல்பு. இன்றைய சீரியாவில், ஐபிராத்து நதியருகே உள்ள துரா யூரோப்போஸ் என்னும் இடத்தில் 1932-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஜெபஆலயம் இதற்கு விடை தருகிறது. ஏறக்குறைய கி.பி. 245-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் சுவர்களில் மோசே, எஸ்தர் ஆகியோரின் வரலாறுகளும், எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன. வணக்கத்திற்கான உருவத்தையும் வரலாற்றைக் கற்பிக்கும் ஓவியத்தையும் அம்மக்கள் வேறுபடுத்தி அறிந்திருந்தனர் எனலாம்.

புதிய காலத்தில் இதற்கெனக் கல்விக்கூடம் அமைத்தவர் போரிஸ் ஷாட்ஸ் என்னும் சிற்பி. அவர் 1906-இல் எருசலேமில் நிறுவிய கலைப்பள்ளிக்குப் பெசலெயேலின் பெயரையே இட்டார். கம்பளம் நெய்தல், வெள்ளி வேலை முதலியவற்றைக் கற்பித்து, மாணவர் பிழைக்கவும் அது வழி செய்தது. பணமின்மையால் 1929-இல் மூடப்பட்ட அப்பள்ளி, 1935-இல் மீண்டும் திறக்கப்பட்டு இன்று வரை நடைபெறுகிறது.

எழுத்தாளர் நிலையும் இத்தகையதே. எபிரெய மொழி எழுத்தாளர் அக்னோன் ஜெர்மனியில் வாழ்ந்தபோது, பெருங்கடைகளின் உரிமையாளரான சல்மான் ஷோக்கென் அவருக்குப் பொருளுதவி அளித்து, அவர் கவலையின்றி எழுத வழி செய்தார். 1924-இல் அக்னோனுடைய வீடு தீப்பற்றி, நூல்களும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. ஆயினும் ஷோக்கெனின் ஆதரவு தொடர்ந்தது. 1966-இல் நெல்லி சாக்ஸ் அம்மையாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இந்த அக்னோனே. ஐசக் பாஷெவிஸ் சிங்கரைத் தாங்கியதோ தனிச் செல்வரன்று, ஒரு செய்தித்தாள். 1935-இல் போலந்திலிருந்து நியூயார்க் சேர்ந்த அவருடைய கதைகளை, 1897-இல் தொடங்கப்பட்ட ஃபோர்வெர்ட்ஸ் என்னும் இத்திஷ் மொழி நாளிதழ் பல்லாண்டுகள் வெளியிட்டது. உழைப்பாளிகளான குடியேறிகள் பலர் காசு கொடுத்து வாங்கிய இதழ் அது. 1978-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கொடுக்கும் கை கட்டளையிடும் கையாக மாறுமானால் யாது நிகழும்? சோவியத் அரசு தொடக்கத்தில் இத்திஷ் அரங்கிற்கும் ஏடுகளுக்கும் ஆதரவளித்தது. மாஸ்கோவிலிருந்த இத்திஷ் அரங்கிற்கு 1920-இல் மார்க் ஷகால் சுவரோவியம் தீட்டினார். பின்னர் நிலைமை மாறியது. அவ்வரங்கின் தலைவர் சொலமன் மிகோயெல்ஸ் 1948 ஜனவரியில் அரசின் ஏவலால் கொல்லப்பட்டார். 1949-இல் அரங்கு மூடப்பட்டது. 1952 ஆகஸ்டு 12-ஆம் நாள் பெரெட்ஸ் மார்க்கிஷ், தாவீது பெர்கெல்சன் முதலிய எழுத்தாளர்கள் உள்ளிட்ட 13 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இவ்வழிவுகளுக்குப் பின்னும் புதிய வாயில்கள் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் 1888 முதல் பணியாற்றும் யூத நூல் வெளியீட்டுக் கழகத்தோடு, 1950 முதல் யூத நூல்களுக்கான தேசியப் பரிசுகளும் சேர்ந்தன. மேற்கு ஜெர்மனி தந்த இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டு 1965-இல் யூதப் பண்பாட்டு நினைவு நிதியம் அமைந்தது. 1980-இல் ஆரன் லான்ஸ்கி நிறுவிய இத்திஷ் நூல் மையம், வீடுகளில் எறியப்படவிருந்த நூல்களைத் திரட்டிக் காத்ததோடு மொழிபெயர்ப்பாளருக்குப் பயிற்சியும் அளிக்கிறது. வளர்ந்துவரும் எழுத்தாளருக்கென ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள சாமி ரோர் பரிசு 2006-இல் ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் 1960-இல் தோன்றிக் கலைஞர் பலருக்கு உதவிய யூதப் பண்பாட்டு நிறுவனமொன்று 2014-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. நிதியங்கள் நிலையற்றவை என்பதை இதனால் அறிகிறோம்.

வாய்ப்பு என்பது பணம் மட்டுமன்று. கலைஞன் கண்டதைக் காட்ட விடுவதும் ஆகும். 1938-இல் ஷகால் வரைந்த வெள்ளைச் சிலுவை ஓவியத்தில், யூதர் ஜெபத்தின்போது அணியும் போர்வையை இயேசு இடையில் உடுத்தியிருக்கிறார். சுற்றிலும் எரியும் ஜெபஆலயமும் ஓடும் அகதிகளும் காணப்படுகின்றனர். சிலுவையை யூதரின் துன்பமாகவே காட்டும் இவ்வோவியம், அத்துன்பத்தில் திருச்சபைக்கிருந்த பங்கை எண்ணும் நமக்கும் எளிதானதன்று. இத்தகைய படைப்பையும் ஏற்று ஆதரிக்கும் மனமே கலைஞனுக்குத் தேவையானது.

பாளயத்தில் காணிக்கை மிகுந்தபோது, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே அறிவிக்க நேர்ந்தது (யாத். 36:6). பெசலெயேலுக்கு வேலை நடந்தது எவரோ ஒரு செல்வராலன்று; ஏராளமான சாதாரண மக்களின் மனமுவந்த ஈகையால். நூலொன்றை வாங்கிப் படிப்பவரும் அந்தக் காணிக்கையில் பங்கு பெறுகிறார்.