கண்ணில் மிகுதி, காலில் பஞ்சம்

இனிப்புநீர் நோய் ஒரே உடலில் இரண்டு எதிரெதிர்க் கேடுகளைச் செய்கிறது. விழித்திரையில் வேண்டாத இரத்த நாளங்களை முளைக்க வைக்கிறது. காலில் ஆறாத புண்ணைச் சுற்றி முளைக்க வேண்டிய நாளங்களை முளைக்க விடுவதில்லை. சுபாங் ஜெயா வட்டாரத்து மருத்துவமனைகளில் ஒரே நோயாளி ஒரு மாடியில் நாள வளர்ச்சியை அடக்கக் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு, இன்னொரு மாடியில் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு போவது அரிதல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு; இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டையும் தாண்டியது. ஆகவே இந்த முரண் நம் வீடுகளுக்கு மிக அருகில் இருக்கிறது.

முரணைப் புரிந்துகொள்ள வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளத்திலிருந்து 0.1, 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகிய உயிரணுவுக்கு ஆக்சிஜன் சரியாக எட்டாது. ஆக்சிஜன் குறைந்ததும் எச்.ஐ.எஃப். என்னும் புரதம் சிதையாமல் நிலைத்து, வி.இ.ஜி.எஃப். சுரக்க உத்தரவிடும். உயிரணுக்கள் ஆக்சிஜனை உணரும் இந்த முறையை விளக்கிய மூவருக்குத்தான் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சுரந்த காரணி அருகிலுள்ள நாளத்தை எட்டும்போது, அதன் உட்சுவரிலிருந்து ஓர் உயிரணு மெல்லிய விரல்களை நீட்டிக்கொண்டு, காரணி வரும் திசையில் நகரும். பக்கத்து உயிரணுக்களைத் தலைமைக்கு வரவிடாமல் தடுத்துத் தன் பின்னால் வரிசை கட்ட வைக்கும். குழாய் உருவான பிறகு பி.டி.ஜி.எஃப். என்ற வேறொரு காரணி உறை உயிரணுக்களை அழைத்துவந்து குழாயைச் சுற்றிப் போர்த்தும். அதன் பிறகே அது ஒழுகாத நாளம். எனவே வி.இ.ஜி.எஃப்.பைப் பசித்த திசுவின் குரல் என்று கொள்வதே சரி. அந்தக் குரலைக் கூட்டவோ குறைக்கவோ வரும் எந்த மருந்திடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பசி என்ன ஆயிற்று?

விழித்திரையில் உறை உயிரணுக்கள் உடலின் வேறெந்த இடத்தையும்விட அடர்த்தி. உட்சுவர் உயிரணு ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்று. பல ஆண்டுகள் நீடிக்கும் சர்க்கரை மிகுதியில் முதலில் மடிபவற்றுள் அவையும் உண்டு. பிறகு நுண்நாளங்கள் அடைபடுகின்றன, திசு பசிக்கிறது, குரல் எழுகிறது. வரும் புது நாளங்களோ பசித்த இடத்துக்குள் போகாமல் விழித்திரையின் மேற்பரப்பில் உறையின்றிப் படர்ந்து, உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் கசிய விடுகின்றன. பசித்த விழித்திரையிலிருந்து பரவி நாளங்களை இப்படி முளைக்கத் தூண்டும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் மைக்கேல்சன் 1948இலேயே ஊகித்தார். 1989இல் ஃபெராரா குழுவினர் வி.இ.ஜி.எஃப்.பைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் பிடித்து முடக்கும் ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் ஊசிகள் இன்று லட்சக்கணக்கானோரின் பார்வையைக் காத்திருக்கின்றன. ஆனால் சில வாரங்களில் மருந்து தீரும், குரல் திரும்பும்.

பழைய லேசர் முறை விழித்திரையின் ஓரங்களைச் சுடுகிறது. முரட்டு வைத்தியம்தான், ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையும். ஆனாலும் அது பசிக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கையையே குறைக்கிறது. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஊசி லேசருக்குச் சளைத்ததல்ல என்று காட்டியபோது, இனி லேசர் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஆய்வில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தவணை தவறாமல் வருவார்கள். நிஜ வாழ்க்கை அப்படியில்லை. ஆறு மாதத்துக்கு மேல் வராமல் போனவர்களை ஒப்பிட்ட 2019 ஆய்வில், ஊசி மட்டும் போட்ட கண்களில் விழித்திரை பிரிவது அதிகமாக இருந்தது. கிள்ளானில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் அன்று வண்டி ஓட்ட முடியாதவர், மாதா மாதம் விடுப்பு எடுப்பாரா என்பதும் மருத்துவக் கேள்விதான்.

குரலை உடல் முழுதும் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மகப்பேறு மருத்துவத்தில் சான்று இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆனந்த் கருமாஞ்சியின் குழு 2003இல் பாஸ்டனில் கண்டது இது: கர்ப்பகால இரத்த அழுத்த நோயில் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை மிகையாகச் சுரந்து தாயின் வி.இ.ஜி.எஃப்.பை உறிஞ்சிவிடுகிறது. அப்புரதத்தைச் செலுத்திய எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் கசிந்தது. வி.இ.ஜி.எஃப்.பை முடக்கப் புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் பெவாசிசுமாப் மருந்தின் பக்க விளைவுகளிலும் இவை உண்டு. நலமான சிறுநீரகத்துக்கு அன்றாடம் இந்தக் காரணி வேண்டும். பெருங்குடல் புற்றில் அம்மருந்து சராசரி ஆயுளை 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக நீட்டியது; 2004இல் அனுமதி பெற்றது. மார்பகப் புற்றுக்கான அனுமதியை அமெரிக்கா 2011இல் திரும்பப் பெற்றது. பசித்த கட்டி வேறு காரணிகளை வைத்துக் கூப்பிடக் கற்றுக்கொள்கிறது.

அப்படியானால் கண்ணில் போடும் ஊசி கால்புண்ணைக் கெடுக்காதா? நியாயமான அச்சம். அதே பெவாசிசுமாப்பைக் கண்ணில் போடும்போது 1.25 மில்லிகிராம்தான்; புற்றுநோயாளிக்கு ஒரு தவணைக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம். ஆபத்து மிகக் குறைவு. ஆயினும் அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

காலுக்கு வளர்ச்சிக் காரணியை வெளியிலிருந்து கொடுத்துவிடலாமே என்பது அடுத்த கேள்வி. இதயத்துக்கு வி.இ.ஜி.எஃப். புரதம் செலுத்திப் பார்த்த சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கால்புண்ணுக்கென்று 1997இல் அமெரிக்கா அனுமதித்த பி.டி.ஜி.எஃப். களிம்பைக்கூட, போதிய இரத்த ஓட்டம் உள்ள புண்ணுக்கே பூசச் சொல்கிறார்கள். மேலே தொடையில் பெரிய தமனி அடைத்திருக்க, கீழே விரலில் எத்தனை நாளம் முளைத்து என்ன பயன்? போதாததற்கு, சர்க்கரை மிகுதி எச்.ஐ.எஃப்.பையே மந்தமாக்குவதால் கால் திசுவால் உரக்கக் கூப்பிடவும் முடிவதில்லை. அடைப்பை நீக்குவதும் சர்க்கரையை இறக்குவதும் முதலில்; களிம்பு பிறகு.

விழித்திரைக் கேடு தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. இனிப்புநீர் உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை கிளினிக்கில் விழித்திரைப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், தவணைக்கு வர முடியாது என்று தெரிந்தால் அதை முன்கூட்டியே சொல்லி, லேசர் பொருந்துமா என்று விசாரியுங்கள்.